கடலைப் பார்த்த நாற்காலி

"மூணு மில்லிமீட்டர்" என்றார் கண் டாக்டர் பிரையனி, வாரனின் கண்ணருகே அளவுகோலைப் பிடித்தபடி.

வாரன் மேசைக்கு மேசை போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தார்.

அந்தக் கடற்கரையின் அலைச்சறுக்குச் சங்கத்தில் இது வருடாந்திரக் கூத்து. கண்ணின் வெள்ளையில் யாருக்குப் பெரிய சதைமேடு தள்ளியிருக்கிறதோ, அவர்தான் அதிக காலம் கடலில் கிடந்தவர் என்று கணக்கு. கடலைப் பார்த்த நாற்காலி ஒரு வருடத்துக்கு அவருக்கே. ஆறு வருடமாக வாரன் அதைவிட்டு எழுந்ததே இல்லை. எழுபதை நெருங்குகிறவருக்கு அதை விட்டால் வேறு பதவியும் இல்லை, பாவம்.

அடுத்தது மிக். "ரெண்டரை."

"போய் இன்னும் நாலு அலை ஏறிட்டு வாடா மச்சான்" என்றார் வாரன், நாற்காலியில் சாய்ந்துகொண்டே.

டாக்டருக்குப் பசி. வாசலில் சங்கத்துக்காக சாசேஜ் என்ற இறைச்சிக் குழலைச் சுட்டுக்கொண்டிருந்த நெரிடாவிடம் போனார். நெரிடா வாரனின் மனைவி. ரொட்டியில் வெங்காயத்தை அள்ளி வைத்து நீட்டியவரின் கண்களைப் பார்த்ததும், டாக்டர் மறுபடி அளவுகோலை எடுத்தார்.

"நாலு. அந்தக் கண்ணும் நாலு."

சங்கமே ஹோவென்று கத்தியது. மிக் மேசையில் தாளம் போட்டார்.

"செல்லாது, செல்லாது" என்று குதித்தார் வாரன். "நாப்பது வருஷத்துல இவ கணுக்கால்கூட நனைச்சதில்ல. எல்லாம் இந்த சாசேஜ் புகை."

"நனையறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல வாரன்" என்றார் டாக்டர். " வெயில், காத்து, மணல். வருஷக்கணக்கா கண்ணுல பட்டுப் பட்டு வர்றது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா இவ்வளவு வளர்ந்திருக்காது."

வாரனுக்குப் பிடி கிடைத்துவிட்டது.

"கேட்டியா? எத்தனை கண்ணாடி வாங்கித் தந்தேன்? எல்லாம் டிராயர்ல தூங்குது. வெறுங்கண்ணோட வெயில்ல நின்னு அப்படி என்னத்தைத்தான் பார்த்தே, மகராசி?"

நெரிடா சாசேஜைப் புரட்டிப் போட்டார்.

"உன் தலையைத்தான். அதுல முடி இருந்த காலத்துலேர்ந்து. கறுப்புக் கண்ணாடி போட்டா அலைக்கு நடுவுல அது தெரிய மாட்டேங்குது. நீ கரையேறுற வரைக்கும் எனக்குத் தெரியணுமில்ல?"