புதுத் திரையிலும் புகை

ஜோதிலட்சுமி ஜன்னல் திரையைக் கையில் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். உடனே முகம் சுளித்தது.

"போன மாசம் வாங்கின புதுத் துணி. இதுலயும் சிகரெட் நாத்தம். இன்னா சம்மந்தி இது?"

கலியன் வாளியும் ஈரத்துணியுமாகச் சுவரோரம் நின்றார்.

அவருடைய மருமகள் திலகவதி பிரசவத்துக்குத் தாய்வீடு போய் ஆறு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை குழந்தையோடு கும்மிடிப்பூண்டிக்குத் திரும்ப நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் வீட்டை மோந்து பார்க்கத்தான் பெரியபாளையத்திலிருந்து சம்பந்தியம்மாள் வந்திருக்கிறாள். மோந்து பார்க்க என்றால் நிஜமாகவே மோந்து பார்க்க.

அவளையும் குறை சொல்ல முடியாது. பீடி குடித்துக் குடித்தே புருஷன் நெஞ்சு புண்ணாகிப் போய்ச் சேர்ந்தவர். நிச்சயதார்த்தத்தன்று திலகவதி கேட்டது ஒரே கேள்விதான், மாப்பிள்ளைக்கு சிகரெட் பழக்கம் உண்டா என்று. கலியனின் மகன் மோகன்ராஜ் தாம்பூலத் தட்டைத் தொட்டு, இல்லை என்று சொன்ன பிறகுதான் கல்யாணமே நடந்தது.

கலியன் கதை வேறு. இரும்பு உருக்கும் கம்பெனியில் முப்பது வருஷம் உலை பக்கத்தில் நின்றவர். அந்த நாளில் சிகரெட் இல்லாத கலியனைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

பேத்தியை அவர் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரியில். ஆசையாகக் கை நீட்டினார். ஜோதிலட்சுமி குழந்தையோடு இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"சட்டையில நாத்தம் சம்மந்தி. அப்புறமாத் தூக்கலாம்."

அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்றுதான் மனுஷன் ஐந்து மாதமாகப் படாத பாடு படுகிறார்.

மெத்தையில் சோடா உப்பைத் தூவி மாடியில் வெயிலுக்குப் போட்டார். மூலைக்கு மூலை கிண்ணத்தில் வினிகர் வைத்தார். வீடே ஊறுகாய் ஜாடி மாதிரி ஆயிற்று. கடைசியில் பெயிண்டர் அந்தோணியைக் கூப்பிட்டார்.

"அப்டியே மேல பெயிண்ட் அட்ச்சா, ஒரே வாரத்துல நாத்தம் எட்டிப் பாக்கும்ணே. மொதல்ல சோப்புத் தண்ணி போட்டு சுவத்தக் கழுவணும்" என்றான் அந்தோணி.

கழுவினார். மஞ்சள் மஞ்சளாக வழிந்த தண்ணீரைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் பிரைமர், பெயிண்ட், புதுத் திரை. இரண்டு நாள் வீடு நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால், பழையபடி அதே வாடை. மறுபடியும் வாளியைத் தூக்குவார்.

சாயங்காலத்தில் திலகவதி வீடியோ காலில் குழந்தையைக் காட்டுவாள். அது பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும். கலியன் அதன் கன்னத்தைத் தொடப் போவார், விரல் எங்கேயோ பட்டு போன் கட்டாகிவிடும். மறுபடி போட்டுத் தரச் சொல்லி மகனிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். இருட்டிக் கிடக்கும் போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜோதிலட்சுமி திரையை விட்டுவிட்டு மருமகன் பக்கம் திரும்பினாள்.

"மாப்ள, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

காலை ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்து நின்ற மோகன்ராஜ் தரையைப் பார்த்தான்.

"எவ்ளவோ சொல்லிட்டேன் அத்த. கேக்க மாட்றாரு."

கலியன் மகனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு துணியை வாளியில் பிழிந்தார்.

"தப்புதான் சம்மந்தி. ரொம்ப நாள் பழக்கம், உட முடியல."

"பேத்தியவிட அந்தக் கருமம் ஒசத்தியாப் போச்சா உங்களுக்கு?"

அந்தக் குழந்தையை ஒரு நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டால் போதும், இந்த உலகத்தில் கலியனுக்கு வேறு ஆசை கிடையாது. துணியை வாளி விளிம்பில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"நான் இந்த ஊட்ல இல்லன்னா, பாப்பாவ இட்டாருவீங்களா?"

இதை ஜோதிலட்சுமி எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தயங்கினாள்.

"உங்கள வெளிய அனுப்பணும்னு எனக்கு இன்னா வேண்டுதலா? ஆனா எனக்கு அந்தக் கொழந்த முக்கியம். இட்டாருவேன்."

"அப்ப வெள்ளிக்கெழம இட்டாந்துடுங்க."

கலியனுக்கு எளாவூரில் ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. படுக்க ஒரு சின்ன ரூமும் உண்டு.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழந்தை வருவதாக ஏற்பாடு. ஒன்பதுக்கெல்லாம் கலியன் பஸ் ஸ்டாப்பில் இருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு மோகன்ராஜ் கூடவே வந்திருந்தான்.

"லீவு நாள்ல வந்து பாப்பாவப் பாத்துட்டுப் போ நைனா."

"வரேன். வாசல்லயே நின்னு பாத்துக்கறேன்."

பெரியபாளையம் பக்கமிருந்து ஏதாவது கார் வருகிறதா என்று கலியன் இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தார். பஸ்தான் வந்தது. பையை வாங்கிக்கொண்டு படியில் கால் வைத்தவர், திரும்பினார்.

"பீரோ மேல பழைய ஹெல்மெட்டுக்குள்ள நீ வெச்சிருந்த சிகரெட் பாக்கெட்டத் தூக்கிப் போட்டுட்டேன். திலகா நம்ம ஊட்டுக்கு வந்த அன்னிக்கே நான் நிறுத்திட்டேன், ரெண்டு வருசமாத் தொடல. இனிமே ஊட்ல நாத்தம் வந்தா எம்மேல போட முடியாது மோகனு, பாத்து நடந்துக்கோ."