நாற்பத்திரண்டில் நின்ற கட்டம்

உட்கார்ந்தே அவளுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. நாற்பது வருடம் கழித்து வரும் கோடை எப்படியிருக்கும் என்று, ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடுவது அவள் வேலை. எல்லாக் கட்டங்களிலும் வெப்பம் பகலில் ஏறி இரவில் இறங்கியது. ஒன்றில் மட்டும் இரவும் பகலும் நாற்பத்திரண்டு டிகிரியிலேயே நின்றது. மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதேதான்.

"கட்டத்துக்குக் காய்ச்சல் போலம்மா, மாத்திரை குடு," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அவள் சிரிக்கவில்லை. அது புறவழிச்சாலை இருக்கும் கட்டம். போன கோடையில் அங்கே தார் போடும்போதுதான் அண்ணன் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்த உடம்புச்சூடு நாற்பத்திரண்டு. பிழைக்கவில்லை.

கணவன் போன் செய்தான். "நாளைக்கு பைபாஸ்ல தார் வேலைக்குக் கூப்பிடுறாங்க."

"போகாதீங்க."

"போகணும்டி. அன்னைக்கு எனக்குப் பதிலா என் முறைக்குத்தான் மச்சான் போனாரு. அந்த ஒருநாள் வேலை இன்னும் கடனாவே நிக்குது."