கண்ணுக்குள் கம்பி மத்தாப்பு

"பாத்து வாங்க, முன்னால சாக்கடை!" வேலுத்தாய் புருஷனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பலவேசத்துக்குச் சாக்கடை நன்றாகவே தெரிந்தது. அதில் மிதந்த தீப்பெட்டி லேபிளில் கிளியின் மூக்கு வரைக்கும் தெரிந்தது. இருந்தாலும், "எங்கன புள்ள?" என்று காற்றைத் துழாவினான்.

அம்மை இறங்கிய கையோடு அவன் கண்ணுக்குள் கம்பி மத்தாப்பு கொளுத்தியதுபோல் பொறி பறந்தது. பிறகு எல்லாம் புகைமூட்டம். "அம்மைக் கிருமி விழித்திரையைத் தாக்கியிருக்கு. லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும்" என்றார் விருதுநகர் கண் டாக்டர். அன்றிலிருந்து நாரணாபுரத்தில் அவனுக்குத் தனி மரியாதை.

புகை விலகி மாசமாகிவிட்டது. அவன்தான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலுத்தாய் பழையபடி பத்தடி பின்னால் நடப்பாள். பட்டப்பகலில் புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்து நடந்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். கண் தெரியாதவனை நடத்திக்கொண்டு போனால் அதே ஊர் மெச்சும். பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுற்ற அவனுக்குக் கை மட்டும் போதும்.

டீக்கடையிலிருந்து பெத்தணன் கத்தினான். "ஏலே பலவேசம், கண்ணு தேவலையாலே?"

"மூட்டமாத்தாண்ணே இருக்கு."

"இப்படி ஒரு பொஞ்சாதி கெடைச்சா நானும் ரெண்டு கண்ணையும் மூடிக்கிடுவேன்லே!"

விருதுநகர் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றபோது வேலுத்தாய் அவன் விலாவில் இடித்தாள். "அந்தா, முதலாளி வாராக. கும்பிடுங்க."

எதிரே வந்தது ஓர் எருமை.

பலவேசம் திகைத்தான். கும்பிடாவிட்டால் குட்டு உடைந்துவிடும். இரண்டு கையையும் கூப்பி, "கும்பிடுறேன் முதலாளி" என்றான். எருமை நின்று நிதானமாகச் சாணி போட்டுவிட்டுப் போனது.

"என்ன புள்ள, முதலாளி ஒண்ணும் பேசலை?"

"அவுகளுக்கு என்ன அவசரமோ" என்றாள் வேலுத்தாய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அம்மை போட்டிருந்தபோது அவன் பக்கத்தைவிட்டு நகராமல் கிடந்தவள் இவள். அந்தப் பாழாய்ப்போன கிருமி இவள் கண்ணிலும் இறங்கிவிட்டதோ? பஸ்ஸில் வழியெல்லாம் அவனுக்கு அதே நினைப்பு.

கண் ஆஸ்பத்திரியில் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சாத்தியதும் பலவேசம் டாக்டரின் காலில் விழுந்தான்.

"ஐயா, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. அவ கையைப் பிடிச்சு நடக்கணும்னு நடிச்சுட்டேன். இப்ப அவளுக்குத்தான்யா கண்ணு கெட்டுப்போச்சு. எருமையை முதலாளிங்கிறா! எப்படியாவது காப்பாத்துங்கய்யா. நான் இனிமே பத்தடி முன்னாலயே போய்க்கிடுறேன்."

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உமக்குக் குணமாயிருச்சுன்னு போன தடவையே அந்தம்மாகிட்டச் சொல்லிட்டேனய்யா. 'எனக்கும் தெரியும். நீங்க ஒண்ணும் கண்டுக்கிடாதீக டாக்டரய்யா, சொல்லிட்டா அவுக கையை விட்டுருவாக'ன்னு கெஞ்சினதே அவங்கதான்!"