கீழே இறங்கிய விசை

காலையில் உடுப்பு உலர்த்தும் டிரையரின் இரண்டு விசைகளையும் மேலே தள்ளிவிட்டுத்தான் பனி வழிக்கப் போனாள். அப்படித்தான் அவளுக்கு நினைவு.

அந்த நினைவை நம்பலாமா என்பதுதான் தெரியவில்லை. அப்பா போன பிறகு எல்லாம் இப்படித்தான். அடுப்பை அணைத்தேனா. கதவைப் பூட்டினேனா.

டிரையரைத் திறந்து கையை உள்ளே நுழைத்தாள்.

அம்மாவின் பருத்திச் சேலை குளிர்ந்துபோய்க் கிடந்தது. அவள் வெளியே நின்ற நேரமெல்லாம் சுழன்றிருக்கிறது. துளிச் சூடு இல்லை.

பேஸ்மென்ட் சன்னலை வெளியே பனி பாதி மூடியிருந்தது.

அவள் கூப்பிட்டு வந்த குகதாஸ் டிரையரை இழுத்துப் பின்பக்கத்தைக் கழற்றினான். கரண்ட் வேலை செய்கிறவன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். கம்பியைப் பார்த்தான். பிளக்கைப் பார்த்தான். சூடாக்கும் சுருளைப் பார்த்தான்.

"பழுது ஒண்டும் இல்லை அக்கா."

"பிறகேன் விசை திருப்பித் திருப்பி விழுது?"

சுவரிலிருந்த பிரேக்கர் பெட்டியைத் திறந்தான். டிரையருக்குரிய இரண்டு விசைகளில் ஒன்று கீழே கிடந்தது.

"இது விழேல்ல. தானா விழுந்தா நடுவில நிக்கும். இது முழுசாக் கீழ கிடக்கு. ஆரோ கையால இறக்கியிருக்கினம்."

"அப்ப என்னண்டு சுத்துது?"

"இதுக்குக் கரண்ட் ரெண்டு வழியால வரும். ஒண்டு போனாலும் மற்றது சுத்திக்கொண்டுதான் இருக்கும். சூடு மட்டும் வராது."

அவள் கீழே கிடந்த விசையையே பார்த்தாள்.

"வீட்டில வேற ஆர்?"

"அம்மா. அவ இந்தப் படி இறங்கமாட்டா. முழங்கால்."

"அப்ப பேய்தான். பேய் பிடிக்க என்னட்ட லைசன்ஸ் இல்லை அக்கா."

சிரித்துக்கொண்டே திரும்பியவன் அவள் முகத்தைப் பார்த்தான். வரும்போது கூடத்தில் மாலை போட்ட படத்தையும் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

கீழே கிடந்த விசைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப். அதில் அப்பாவின் கையெழுத்து.

உடுப்பு.

ஊரில், படலையைத் தாண்டுமுன் ஒவ்வொரு சுவிச்சையும் தொட்டு அணைத்துவிட்டு வருகிற மனிதர். இங்கே பிளக்குகளுக்குச் சுவிச்சே இல்லை என்று கண்டதும் அவருக்கு நித்திரை போய்விட்டது. "பூட்டில்லாத வீடு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். பிறகு இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தார். ஒரு விசைக்குப் பேர் எழுதினார். அதை மட்டும் இறக்குவார். சாமி கும்பிட்டுவிட்டு நேரே இங்கேதான் வருவார்.

குகதாஸ் கைபேசி வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்தான்.

கறுத்த விசையின் நுனியில் வெள்ளையாக ஏதோ.

தொட்டுப் பார்த்தாள். திருநீறு.

அப்பாவின் விரல் பட்ட இடமெல்லாம் இப்படித்தான் இருக்கும். கதவுப்பிடி. தேத்தண்ணிக் கோப்பை. எல்லாவற்றையும் அவள்தான் துடைத்தாள். ஆனால் இந்த விசையைக் காலையில் தொட்டபோது வெள்ளை இருக்கவில்லை.

அது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

"அப்பா" என்று வாய்க்குள் சொன்னாள்.

பயம் வரவில்லை. சந்தோசம் போல ஒன்று வந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. படிகளில் ஏறினாள்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டு கைகளும் முழங்காலைப் பிடித்திருந்தன. நெற்றியில் புதுத் திருநீறு.

காலுறைகளின் அடியில் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருந்தது. டிரையர் கக்குகிற பஞ்சு. அது கீழே மட்டும்தான் இருக்கும்.

அவள் வாசலிலேயே நின்றாள்.

"மெசின் நிண்டுட்டுதோ?" அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"ஓம்."

"அப்பா நிப்பாட்டியிருப்பார். நீ யோசியாத பிள்ளை."

கட்டிலின் ஓரத்தில் போய் இருந்தாள். அம்மாவின் காலுறைகளை மெதுவாகக் கழற்றினாள். பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். வீங்கிய முழங்காலின் மேல் கையை வைத்தாள்.

கீழே குகதாஸ் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

அவள் இறங்கி வந்தபோது ஒரு சின்னத் தகட்டைக் காட்டினான்.

"இதைக் கொளுவி விட்டா ரெண்டும் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும். ஒருத்தரும் ஒண்டை மட்டும் இறக்கேலாது."

"வேண்டாம்."

"பிறகு சூடில்லை எண்டு என்னைக் கூப்பிடக்கூடாது."

"கூப்பிடமாட்டன். இந்தப் படிக்கு ஒரு கைபிடி போட்டுத் தாறியோ?"

"நான் கரண்ட் வேலைக்காரன் அக்கா. தச்சன் இல்லை."

ஆனாலும் சனிக்கிழமை மரத்தோடு வந்தான்.

அந்த மாரி முழுக்க அவள் உடுப்பை டிரையரில் போட்டுவிட்டு மேலே வந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். படியில் காலடி இறங்கும். ஒவ்வொரு படியிலும் நிற்கும். பிறகு ஏறும். அது கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே குழாயை மூடுவாள். கீழே போய் விசையை மேலே தள்ளுவாள்.

வைகாசியில் அம்மா செத்துப்போனாள். படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். குகதாஸ் கலியாணம் கட்டி மொன்றியலுக்குப் போய்விட்டான். அவன் போட்ட கைபிடி ஆடாமல் இருக்கிறது.

அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். உடுப்பைப் போட்டுவிட்டு வந்து குழாயைத் திறந்துவிடுகிறாள். கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு கீழே போய்ப் பார்க்கிறாள்.

இரண்டு விசைகளும் மேலேதான் நிற்கின்றன.

உடுப்பு நல்ல சூடாகக் காய்ந்துவிடுகிறது.