ஈரம் துடைத்த சோப்பு

குளித்துவிட்டு வந்த மனிதர், சோப்பைப் பழைய செய்தித்தாளில் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்து, டப்பாவுக்குள் வைத்து மூடினார். டப்பா பைக்குள் போனது. அதன் பின்னாலேயே பிரஷ், சீப்பு, நாலாக மடித்த துண்டு.

சமையலறை வாசலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஒரு சோப்பை விட்டுட்டுப் போனா நாங்க என்ன தின்னுடவா போறோம்?'

அவர் அவள் கணவனின் அண்ணன். பஸ் டிப்போவில் மெக்கானிக், ஒண்டிக்கட்டை. வாரம் முழுக்க டிப்போ ஓய்வறையில் படுத்துக்கொள்வார். சனிக்கிழமை விடிந்தால் பையும் கையுமாக வந்து ஹாலில் ஒரு மூலையைப் பிடிப்பார். ஞாயிறு சாயங்காலம் மறுபடி பை கட்டல். கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. ஒரு வாரம் தவறியதில்லை.

அவருக்கு அவள் வைத்த பெயர் லாட்ஜ்காரர். கணவனிடம்தான் அப்படிச் சொல்வாள். அவன் சிரிக்கவும் மாட்டான், மறுக்கவும் மாட்டான்.

"இத்தனை வயசாகியும் ஒரு மனுஷன் தனக்குன்னு நாலு சுவர் தேடிக்கலையே," என்று நேற்றுகூடக் கேட்டாள். "நீங்க கல்யாணத்துக்கு முன்னாடியே சொந்த வீட்டோட இருந்தீங்க. ஒரே வயித்துல பிறந்தவர்தானே அவரும்?"

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

"வாரா வாரம் வரவேண்டாம்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"பார்க்கலாம்" என்றவன், இன்று வண்டிக்குக் காற்றடிக்கப் போகிறேன் என்று மத்தியானமே நழுவிவிட்டான். பத்துச் சக்கர லாரிக்கு அடித்திருந்தாலும் இதற்குள் திரும்பியிருக்கலாம்.

அந்த லாட்ஜ்காரரால் இதுவரை விளைந்த உபகாரம் ஒன்றே ஒன்று. ஹால் ஜன்னல் அவள் வந்ததிலிருந்து திறக்கவில்லை. கணவன் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் கைவிட்டிருந்தான். போன வாரம் புழுக்கம் தாங்காமல் அவள் அலுத்துக்கொண்டபோது, இவர் எழுந்து போய் கீழ்ச்சட்டத்தை முழங்காலால் ஒரு முட்டு முட்டி, கொண்டியை லேசாகத் தூக்கினார். திறந்துகொண்டது. முரட்டு உடம்பு, அதற்காவது ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

இனிக் கணவனை நம்பிப் பயனில்லை. ஹாலுக்கு வந்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லும்மா."

"இந்த மூலையில அலமாரி போடப்போறோம். கார்பென்டர் இப்ப அளவெடுக்க வருவார்."

"போடுங்கம்மா. சாமான் வைக்க இடம் பத்தாமத்தானே இருக்கு."

"அதுக்கப்புறம் நீங்க படுக்க இடம் இருக்காது."

ஜிப்பை இழுத்த அவர் கை பாதியில் நின்றது.

"வாரா வாரம் பையைத் தூக்கிட்டு வர்றது உங்களுக்கும் அலைச்சல். இது லாட்ஜ் இல்லையே மாமா, குடும்பம் நடத்துற வீடு. நாங்களும் ரெண்டு பேருமா இருக்கணும்னு நினைக்க மாட்டோமா?"

"நியாயம்தாம்மா. எனக்கே தோணியிருக்கணும்."

கோபித்துக்கொள்வார், ரெண்டு வார்த்தை பதிலுக்குப் பேசலாம் என்று தயாராக வந்திருந்தாள். இந்த ஆளுக்கு ரோஷம்கூட இல்லை. அது அவளுக்கு இன்னும் இளப்பமாகப் பட்டது.

அவர் பாயைச் சுருட்டினார். பாய் கிடந்த இடத்தை ஒரு துணியால் துடைத்தார். தலையணை உறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"எதையும் மறந்துடாதீங்க. அப்புறம் அதுக்குன்னு ஒரு நடை வரவேண்டாம் பாருங்க."

"மறக்க மாட்டேம்மா. என் சாமான் அங்கங்க கிடந்தா உனக்கு இடைஞ்சலா இருக்கும்னு அப்பப்ப எடுத்து வெச்சுடறது."

இடைஞ்சலே நீங்கள்தானே என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "மழை பிடிச்சா அந்த ஜன்னலை இறுக்கிச் சாத்திடாதே. மரம் ஊதிக்கும், அப்புறம் திறக்கறது பெரும்பாடு."

போகிற போக்கில் புத்திமதி வேறு. "சரி, சரி," என்றாள்.

"நல்லா இரும்மா," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவள் கதவைச் சாத்தினாள். மூன்று மாதத்தில் இன்றுதான் வீடு முழுசாகத் தன் கைக்கு வந்தது போலிருந்தது. மூலையில் நின்று, அலமாரி எவ்வளவு அகலம் வரும் என்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

திறந்திருந்த ஜன்னல் வழியாக கேட் பக்கமிருந்து பேச்சுக் குரல் கேட்டது. கார்பென்டர் வந்துவிட்டார் போலிருக்கிறது.

"என்னண்ணே, பையும் கையுமா எங்க?"

"டிப்போவுக்குத்தான்."

"உங்க தம்பி அலமாரிக்கு அளவெடுக்கக் கூப்பிட்டார். நீங்க இல்லாம எப்படி? இந்த வீட்டைக் கட்டினப்ப ஒரு ஆணி அடிக்கறதுக்குக்கூட உங்களைக் கேட்டுத்தானே அடிச்சேன். ஆமா, நான் மாட்டின அந்த ஹால் ஜன்னல் இன்னும் முழங்காலால இடிச்சாத்தான் திறக்குதா?"

விரித்த கைகள் விரித்தபடியே நிற்க, அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வெளியே லாட்ஜ்காரரின் குரல் தாழ்ந்தது.

"மெல்லப் பேசுப்பா. தம்பி இது தன் வீடுன்னு சொல்லி வெச்சிருக்கான். அந்தப் பொண்ணு காதுல விழுந்துடப் போகுது."