வாடினால் திருப்பித் தரலாம்

"உங்க வீட்டுல கோபக்காரங்க யாராவது இருக்காங்களா?"

பல் டாக்டர் திருதிருவென்று விழித்தார். செடி வாங்க வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வியா?

"எதுக்கு சார்?"

"கோபம் வந்தா கையில கிடைச்சதைத் தூக்கி எறியறவங்க இருக்கற வீட்டுக்கு என் செடி போகாது."

இலைக்காரரை அந்த ஊர் ஆர்க்கிட் பிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் பூவுக்காக ஆர்க்கிட் வளர்க்க, இவர் இலைக்காக வளர்ப்பவர். கறுப்பு வெல்வெட் இலையில் தங்க நிறத்தில் நரம்பு ஓடும். மொட்டு விட்டால் செடி இளைத்துவிடும் என்று உடனே கிள்ளிவிடுவார். கேட்டு வருகிறவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

பல் டாக்டரிடம் பத்தொன்பது வகை இருந்தது. இருபதாவதுக்காக மூன்று மாதமாக நடையாய் நடந்து, பதிலுக்குக் கொடுக்கத் தன் வெள்ளிக்கோட்டுச் செடியிலிருந்து ஒரு தண்டும் நறுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"என் மனைவிக்குக் கோபம் வரும் சார். ஆனா எறிய மாட்டா. நாலு நாள் பேச மாட்டா, அவ்வளவுதான்."

"அமைதி செடிக்கு நல்லது. ஜன்னல் எந்தப் பக்கம்?"

"வடக்கு."

"நீங்க வெளியூர் போனா யாரு பார்த்துக்குவாங்க?"

"மாமனார்."

"அவர் போன் நம்பர் சொல்லுங்க."

சொன்னார். இலைக்காரர் அங்கேயே கூப்பிட்டு, மாமனாரையும் ஐந்து நிமிடம் குடைந்தார்.

"பொண்ணு கொடுக்கறப்போகூட அவர் என்னை இவ்வளவு விசாரிக்கலை சார்," என்றார் டாக்டர். இலைக்காரர் சிரிக்கவில்லை.

இலைக்காரருடைய மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். இடது மணிக்கட்டில் கட்டு.

"கையில என்னம்மா?"

"தட்டு பட்டுடுச்சு."

"காபியைக் குடிங்க, ஆறிடும்," என்றார் இலைக்காரர் அவசரமாக.

ஒருவழியாகச் செடி கைக்கு வந்தது. டாக்டர் அதைக் குழந்தையைப் போல வாங்கிக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு. இலை லேசா வாடினாலும், நாளைக்குச் சரியாயிடும்னு காத்திருக்காதீங்க. அன்னைக்கே திருப்பிக் கொண்டு வந்துடுங்க. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

மூலையில் ஓர் அலமாரியைக் காட்டினார். "அதெல்லாம் அப்படித் திரும்பி வந்ததுங்கதான். நம்மகிட்ட வந்தா தேறிடும்."

டாக்டருக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. என்ன மனிதர்!

வாசலில் ஹாரன் அடித்தது.

"வண்டி வந்துடுச்சு பாரு, கிளம்பு," என்றார் இலைக்காரர் மகளிடம். கதவோரம் ஒரு பெட்டி தயாராக இருந்தது. "புருஷன் வீடுன்னா முன்னே பின்னேதான் இருக்கும். நாமதான் பொறுத்துப் போகணும். எல்லாம் நாளடைவில சரியாயிடும். சும்மா சும்மா பெட்டியோட வந்து நின்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

டாக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

மகள் பெட்டியை எடுத்தாள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. மூலைக்குப் போய், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த இரண்டு தொட்டிகளை மெல்ல நகர்த்திவிட்டு, பெட்டியை அங்கே வைத்தாள்.

"திரும்பி வந்துட்டேன்ப்பா," என்றாள். "ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்கல்ல?"