யாருக்கும் கொடுக்காத கம்ப்யூட்டர்

"நானா, அந்தக் கம்ப்யூட்டர் சும்மாதானே கெடக்கு? எனக்குக் குடுங்க."

"அதுக்கு ஆள் இருக்கு தங்கச்சி. வெளியில உக்காருங்க."

ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து நெட் கபேயில் சனிக்கிழமைக் கூட்டம். எல்லா நாற்காலியிலும் டவுன் பிள்ளைகள். மூலையில் ஒன்று மட்டும் காலி. கடைக்காரர் பளீல் வெளியே போயிருந்தார். அவருடைய மச்சான் அப்துல் ரஸாக் மேசையில் இருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவது. இவளை முன்னே பின்னே பார்த்திராத மனிதர்.

மாலைக்குள் அவள் தன் புரோகிராமைக் கொழும்புக் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். அது ஓடினால்தான் வேலை. நாம் எழுதுவதை மெஷின் மொழியாக மாற்றிக் கொடுக்கும் புரோகிராம் அது. ஓப்பநாயக்க தேயிலைத் தோட்டத்து வீட்டில், லினக்ஸில், ஜம்மென்று ஓடியது. விண்டோஸில் ஒரு வரி காட்டச் சொன்னாலே விழுந்து படுத்துக்கொண்டது. அதைச் சரிபார்க்கத்தான் மத்தியான பஸ்ஸுக்குக் காத்திராமல் தோட்டத்து லொறியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள். மற்ற சனிக்கிழமைகளில் எப்படியோ ஓர் இடம் கிடைத்துவிடும். இன்றைக்கென்று அதிர்ஷ்டம் கைவிட்டது.

"யாருங்க அந்த ஆளு? மாணிக்கக் கட மொதலாளி மகனா?"

"எனக்குத் தெரியா. யாருக்கும் குடுக்க வாணாம்னு மச்சான் சொல்லிட்டுப் போனாரு."

"ஆளே இல்லாத எடத்தப் புடிச்சு வைக்கிறது அநியாயம் இல்லீங்களா?"

"வரப்போற ஆளுக்கு முன்னுக்கே எடம் விட்டு வைக்கணும். வந்த பொறகு எங்க போய்த் தேடுற?"

ஜீவராணிக்குச் சட்டென்று பொறி தட்டியது.

விண்டோஸும் இதைத்தானே கேட்டது!

ஃபங்ஷன் என்கிற ஒரு குட்டிப் புரோகிராமை அழைக்கும்போது, அதற்குத் தரும் மதிப்புகளை பிராசஸருக்குள் இருக்கும் எந்த அறையில், அதாவது எந்த ரெஜிஸ்டரில், வைப்பது என்பது லினக்ஸில் ஒரு முறை, விண்டோஸில் வேறு முறை. அதையெல்லாம் ஒழுங்காக மாற்றியிருந்தாள். ஆனால் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கென்று ஸ்டாக் என்கிற நினைவக அடுக்கில் முப்பத்திரண்டு பைட் காலியாக விடவேண்டும் என்றும் விண்டோஸில் ஒரு விதி. ஒன்றுமே வைக்காத இடம் எதற்கு, வீண் என்று அதை இவளே வெட்டியிருந்தாள். வந்த ஃபங்ஷன் தன் சாமானை அங்கே இறக்கி, இவள் வைத்திருந்ததை எல்லாம் நசுக்கியிருக்கிறது!

"நானா, அந்த ஆளு வர்ற வரைக்கும் குடுங்க. வந்ததும் எந்திரிச்சிர்றேன். சாமி சத்தியமா!"

ரஸாக் இளகிவிட்டார். "வந்தா எழும்பிடணும், சரியா?"

பென் டிரைவைச் செருகி, இடம் விடும் வரியைச் சேர்த்தாள். ஓட்டினாள். திரையில் 'வணக்கம்' என்று வந்தது. அவள் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

"என்ன தங்கச்சி, மாணிக்கம் கெடச்சிட்டா?"

"அதுக்கும் மேல நானா!"

ஒன்றுக்கு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, கொழும்புக்கு அனுப்பியும் விட்டாள்.

வெளியே ஹோர்ன் கேட்டது.

"ஓப்பநாயக்க பஸ் வந்திட்டு. அதுலதான் ஆள் வருமாம். எழும்புங்க."

எழுந்து, நாற்காலியைத் தாவணியால் துடைத்தும் வைத்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் வாய்க்கு வந்தபடி பேசியது உறுத்தியது. அந்த ஆளைப் பார்த்து ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஓரமாக நின்றாள்.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் கலைந்து போனார்கள். யாரும் வரவில்லை. பளீல்தான் உள்ளே வந்தார்.

"ஏன் மகள் நிக்கிறீங்க?" என்றவர், மச்சானை முறைத்தார். "ரெண்டு வருஷமா ஒவ்வொரு சனிக்கிழமையும் தோட்டத்து பஸ் வர்ற வரைக்கும் அந்த எடத்த இந்தப் புள்ளைக்காகத்தானே காலியா வச்சிருக்கேன்!"